இருபத்து மூன்று அக்கா

அந்த வெளிநாட்டுப் படத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம் வரும். அதில் ஐந்து வீடுகள். ஐந்திலும் யாரோ ஒருவர் இன்னொருவருடன் பேசாமல் இருந்தார். மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரரின் பழைய துக்கம் நனையும். அப்படி எல்லா வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கதை. அதைத் தமிழில் பேச வைக்கும் வேலை, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருந்த ஸ்டூடியோவில் பதினைந்து நாளாக நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.

மூத்தவள் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். இளையவள் இரண்டு மணிக்கு வருவாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்; இருவருமே குரல் கொடுத்துப் பிழைப்பவர்கள். டப்பிங்கில் ஒரு வசதி உண்டு. ஒருவர் பேசிவிட்டுப் போனதை இன்னொருவர் காதில் மாட்டிக்கொண்டு பதில் பேசினால் போதும். படத்திலும் அவர்களுக்கு அக்கா தங்கை வேடம்தான். ஒரு முறைகூட முகம் பார்க்காமல், படிக்கட்டிலும் சமையலறையிலும் மணிக்கணக்கில் சண்டை போட்டு முடித்திருந்தார்கள்.

நிஜச் சண்டை பதினோரு வருடம் பழையது. ஒரு பெரிய படத்தின் கதாநாயகிக்கு மூத்தவளின் குரல் வேண்டும் என்று ஃபோன் வந்தது. அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்த இளையவள், "அவங்களுக்குத் தொண்டை சரியில்ல சார். மூணு மாசம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் வரட்டுமா?" என்றாள். யோசித்துச் சொன்னதல்ல. வாய் முந்திக்கொண்டது. படம் நன்றாக ஓடியது. உண்மை தெரிந்த அன்று மூத்தவள் கத்தக்கூட இல்லை. "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே," என்றாள். அவ்வளவுதான்.

இளையவள் கடிதம் எழுதினாள், பிரிக்காமல் திரும்பி வந்தது. வீட்டு வாசலில் போய் நின்றாள், கதவு திறக்கவில்லை. அந்த ஒரு கட்டளையை மட்டும் இன்றுவரை மீறாமல் வைத்திருந்தாள். இந்தப் படத்தை ஒப்புக்கொண்டதே மூத்தவளும் இதில் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டதால்தான். எப்படியாவது ஒரு நாள் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் மூத்தவள் ஒரு மணி அடித்ததும் பின்படி வழியாக இறங்கிவிடுவாள்.

சனிக்கிழமை காலை படத்தின் கடைசி ரீல் வந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். வசனம் எழுதியவர் அதைப் போட்டுப் பார்த்தார். பாதியில் நிறுத்தி, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

"நாசமாப் போச்சு. படத்துல அந்த நரைச்ச தலை அம்மா அக்கா இல்ல, தங்கச்சி. சிவப்புக் கோட்டு போட்டவதான் அக்கா. இப்பதான் சொல்றா, 'அம்மா உன்னை ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்தப்போ நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்'னு."

அந்த மொழியில் அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே சொல்தான். முன்னால் பிறந்தவள் யார், பின்னால் பிறந்தவள் யார் என்று அவர்களுக்குக் கவலையில்லை. தமிழில் அதைச் சொல்லாமல் ஒரு ஆளைச் சாப்பிடக்கூடக் கூப்பிட முடியாது. வசனகர்த்தா நரையைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார். இரண்டு வாரமாகச் சிவப்புக் கோட்டுக்காரி, தன்னைவிட இளையவளை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சிவப்புக் கோட்டுக்காரிக்குக் கனத்த குரல். அவளுக்குப் பேசியது மூத்தவள். நரைத்தலைக்குக் குருவி போல மெல்லிய குரல், அது இளையவள். ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். இனி அக்கா என்று கூப்பிட வேண்டியது இளையவள். இன்ஜினியர் எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று இடம்.

"தனித்தனியா எடுக்க நேரமில்ல. ரெண்டு பேரையும் ஒரே மைக்ல நிறுத்தினாத்தான் உண்டு," என்றார்.

"நீ கூப்பிடு. நான் கூப்பிட்டா காலையில வர்ற அந்தம்மா என்னைக் கொன்னுடும்."

பத்தரை மணிக்கு இருவரும் ஒலிப்பதிவு அறைக்குள் நின்றார்கள். செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஏ.சி.யை நிறுத்தியாயிற்று. ஒரு மைக், ஒரு திரை, அடுத்தடுத்து இரண்டு தாள் தாங்கிகள். மூத்தவளின் காதோரம் நாலு முடி நரைத்திருந்ததை இளையவள் பார்த்தாள். குரலுக்கு வயதாகவில்லை; அதனால் இது தெரியாமல் போயிருந்தது.

மூத்தவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பேசினாள். "தம்பி, அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூச்சு மைக்ல விழுது."

"மேடம், கொஞ்சம்..." என்று இன்ஜினியர் இழுத்தார்.

இளையவள் தள்ளி நின்றாள்.

"எல்லாம் என் தப்புதாங்க," என்று வசனகர்த்தா ஆரம்பித்தார். "நரைச்ச தலையைப் பாத்து அக்கான்னு நினைச்சுட்டேன்."

"தலை நரைச்சா அக்காவா? அப்போ நீங்க எனக்குக் கொள்ளுத்தாத்தா," என்றாள் மூத்தவள்.

முதல் இடம் படிக்கட்டு. நரைத்தலை கீழிருந்து மேலே பார்த்துக் கூப்பிடுகிறாள். பேசத் தொடங்கச் சொல்லும் பீப் ஒலி மூன்று முறை கேட்டது. திரையில் வாய் திறந்தது. இளையவளின் வாயும் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"பரவால்ல, இன்னொண்ணு போலாம்," என்றார் இன்ஜினியர்.

மறுபடி மூன்று பீப். மறுபடி வெறும் காற்று. பதினோரு வருடம் பூட்டி வைத்த சொல், நாக்கு வரை வந்து நின்றுகொண்டது. மூன்றாவது முறையும் அப்படியே போனது.

வசனகர்த்தா கடிகாரத்தைப் பார்த்தார். மூத்தவள், திரையைப் பார்த்தபடியே, ரொம்ப அக்கறையான குரலில் கேட்டாள்.

"ஏன் தம்பி, அந்தம்மாவுக்குத் தொண்டை சரியில்லையா?"

இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. இளையவளுக்குப் புரிந்தது. காது மடல் சுட்டது. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மூத்தவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவளுடைய கீழுதட்டின் ஓரம், சின்ன வயதில் அப்பாவின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு நிற்கும்போது துடிக்குமே, அப்படித் துடித்தது.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் இளையவள். "போடுங்க சார்."

பீப், பீப், பீப்.

"அக்கா!"

கண்ணாடி அதிர்ந்தது. இன்ஜினியர் காதில் மாட்டியதைக் கழற்றி எறிந்தார். "மேடம்! அவங்க ரெண்டு மாடி மேலதான் இருக்காங்க, வேற ஊர்ல இல்ல!"

மூத்தவள் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. தூக்கத்தில் ஒரு அக்கா. கதவுக்குப் பின்னால் ஒரு அக்கா. கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று. ஓரிடத்தில் நரைத்தலையின் உதடு மூடித் திறந்தது; அக்காவில் உதடு ஒட்டாதே என்று வசனகர்த்தா தவித்தார். "முன்னாடி ஒரு 'ம்' போட்டுக்கறேன் சார்," என்று இளையவள் "ம்... அக்கா" என்றாள். வாயோடு வாய் அப்படியே பொருந்தியது.

சிக்கல் மூத்தவள் பக்கம் வந்தது. "நீங்க 'அக்கா'ன்னு பேசின இடத்துல எல்லாம் 'தங்கச்சி'ன்னு போட்டுடுங்க," என்றார் வசனகர்த்தா.

"எந்த வீட்ல சார் அக்காக்காரி, 'தங்கச்சி, உப்பை எடு'ன்னு சொல்லுவா? நீங்க ஒத்தப் பிள்ளையா?"

"ஆமாங்க," என்றார் அவர் பரிதாபமாக. "அப்போ என்னன்னுதான் கூப்பிடுவாங்க?"

இளையவள் தாளைப் பார்த்தபடி மெதுவாக, "சுண்டெலி," என்றாள்.

"என்னது?"

"எங்க வீட்ல அப்படித்தான்."

இன்ஜினியர் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்காரியின் உதடு முதலில் குவிந்து, பிறகு விரிந்தது. "சார், உக்காருது! அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காருது!"

மூத்தவள் முதல் முறை அதை ஏதோ கசப்பு மருந்தைத் துப்புவது போலச் சொன்னாள். நாலாவது முறை சாதாரணமாக வந்தது. ஏழாவது முறை, உப்பு கேட்கும் காட்சியில், இழுத்து, கொஞ்சம் ராகத்தோடு வந்தது. இளையவள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

பதினைந்தாவது அக்காவிலிருந்து வேறொரு தொல்லை தொடங்கியது.

"ஓகே," என்றார் இன்ஜினியர்.

"ஓகே இல்ல," என்றாள் மூத்தவள். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

"மேடம், உதட்டுக்கு சிங்க் கரெக்டா இருக்கு."

"சிங்க் இருக்கு. அக்கா இல்ல."

இளையவள் மறுபடி சொன்னாள். பதினாறாவதை நான்கு முறை, பதினெட்டாவதை ஆறு முறை. பத்தொன்பதாவது முடிந்ததும் இன்ஜினியர் கெஞ்சுவது போல, "இது பிரமாதம் மேடம், இதுல என்ன குறை?" என்றார்.

"குறை ஒண்ணுமில்ல," என்றாள் மூத்தவள். "இருந்தாலும் இன்னொரு தடவை."

இன்ஜினியர் வசனகர்த்தாவைப் பார்த்தார். வசனகர்த்தா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைசி ரீலுக்கு மூன்று மணிக்கு வந்தார்கள். நரைத்தலை தன் சகோதரியின் முன்னால் நிற்கிறாள். தாளில், 'நான் செய்த பிழைக்குக் காரணம் சொல்ல என்னிடம் வார்த்தைகள் இல்லை. என்னை மன்னித்துவிடு அக்கா' என்று இருந்தது.

"சார், இது வசனம் மாதிரி இருக்கு," என்றாள் இளையவள்.

"வசனம்தானேம்மா?"

"நான் சொல்லிப் பாக்கறேன். சரியில்லன்னா நீங்க எழுதினதையே பேசிடறேன்."

பீப் மூன்று முறை கேட்டது. இளையவள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "எனக்கு ஆசையா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். கேவலமான பொய். அதுக்கப்புறம் எதைப் பேசினாலும், நீ கேட்டா என்ன சொல்லுவியோன்னுதான் நினைச்சுக்குவேன். கோபம் தீர்ற வரைக்கும் திட்டு. ஆனா பேசு அக்கா."

திரையில் நரைத்தலை எப்போதோ வாயை மூடிவிட்டாள். அடுத்தது சிவப்புக் கோட்டுக்காரியின் முதுகு மட்டும் தெரியும் ஷாட். மூலப்படத்தில் அந்த இடத்தில் வசனமே கிடையாது. வாய் தெரியாத இடத்தில் டப்பிங்காரர்கள் எதையும் பேசலாம். அது அந்தத் தொழிலின் சின்னச் சுதந்திரம்.

மூத்தவள் மைக்குக்கு அருகில் வந்தாள்.

"இதைச் சொல்லவாடி பதினோரு வருஷம்?" என்றாள். குரல் உடைந்து, உடைந்த இடத்தில் சிரிப்பும் வந்தது. "வாசல்ல வந்து நின்னியே, ரெண்டாவது தடவை பெல் அடிச்சிருந்தா திறந்திருப்பேன். கதவுக்குப் பின்னாடிதான்டி நின்னேன். சரி, விடு. ரெண்டு பேருமே மடச்சிங்க."

"மேடம்," என்றார் வசனகர்த்தா தயங்கித் தயங்கி, "படத்துல ஒன்பது வருஷம்."

"எனக்குப் பதினொண்ணு!"

இளையவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் தாள் தாங்கியைத் தட்டிவிட்டாள். தாள்கள் தரையெல்லாம் பறந்தன. இருவரும் ஒன்றாகக் குனிந்து, தலையோடு தலை இடித்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவள் அவள் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். "இன்னும் தலை கருங்கல்லுதான் உனக்கு."

அந்த டேக் உதவாது. ஒழுங்காக, உதட்டுக்குப் பொருந்தும்படி இன்னொன்று எடுத்தார்கள். அதில் மூத்தவள் முதுகு ஷாட்டுக்கு "சரி, விடு சுண்டெலி" என்று மட்டும் சொன்னாள்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு காட்சி. ஐந்து வீட்டுக்காரர்களும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் பேசுவதும் தெளிவாகக் கேட்காது; கலகலவென்று கூட்டச் சத்தம் வேண்டும். கூட்டத்துக்கு ஆள் இல்லை.

"நாமளே பேசுவோம்," என்றாள் மூத்தவள். "சார், நீங்களும் வாங்க. பண்ணின தப்புக்குப் பத்துப் பேர் மாதிரி பேசணும்."

நால்வரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். பீப் முடிந்தது. வசனகர்த்தா, "ஆஹா, ரொட்டி பிரமாதம், ரொட்டி பிரமாதம்," என்று தொடங்கினார். இன்ஜினியர் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார்.

"உன் பொண்ணு என்ன படிக்கிறா?" என்றாள் மூத்தவள்.

"எட்டாவது. உன்னை மாதிரியே வாய்."

"பல்லு எடுப்பா?"

"அக்கா!"

"கேட்டேன்டி. நான் வீடு மாத்திட்டேன், தெரியுமா?"

"தெரியும். புது வீட்டு வாசல்லயும் ஒரு நாள் வந்து நின்னேன்."

"அங்கே ஒரு தடவைகூடவா பெல் அடிக்கலை?"

திரையில் மேசை சிறியதாகி, சன்னல் தெரிந்து, கட்டடம் தெரிந்து, படம் இருண்டது. ரொட்டியைப் புகழ்ந்துகொண்டிருந்த வசனகர்த்தா ஓய்ந்துபோனார். இருவரும் கவனிக்கவில்லை, ஒருத்தி பேச்சை இன்னொருத்தி வெட்டி, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நுனிக்காலில் நடந்து போனார். பதிவை நிறுத்தக் கை நீட்டினார். பிறகு, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.