குடிநீர் வாரியத்தின் பூட்டு

நான் குடிநீர் வாரியத்தின் பூட்டு. அரசுக் கணினிகளைக் கடவுச்சொல்லால் பூட்டுவதைத் தேசியத் தகவல் காப்பு முகமை நிறுத்திவிட்டது. சொல் எப்படியும் கசிந்துவிடும். வேறு யாருக்கும் தெரியாத ஞாபகம் கசியாது. ஆகவே துறைக்கு ஒரு ஞாபகம், ஞாபகத்துக்கு ஓர் ஆள்.

என்னுடையது இது: சர்க்கரை நோயாளியான அம்மா, அரசு ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பால் ஐஸ் தின்றாள். கடைசி வாயை எனக்குக் கொடுத்து, "அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றாள். அம்மா போன பிறகு அது எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அதை நினைப்பேன். மாவட்டமெங்கும் குழாயில் தண்ணீர் வரும். பிறகு பகல் முழுக்க வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. முகமை அப்படிப்பட்டவர்களைத்தான் எடுக்கும். கடைசி உறவான என் சித்தி செத்தபோது எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

போன வாரம் எதிர்வீட்டுக்கு சுகுணா என்பவர் குடிவந்தார். என்னை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"அதே மூக்கு! எங்கம்மா அந்த ஆஸ்பத்திரியில நர்ஸ். ஜன்னல் வழியா பாத்திருக்கேன். உங்கம்மா திருட்டுத்தனமா பால் ஐஸ் தின்னாங்களே!"

அன்று மதியம் அம்மாவைப் பற்றியே பேசினோம். ஐஸைப் புடவைத் தலைப்பால் அம்மா மூடிக்கொண்டதை அவர் நடித்துக் காட்டினார். நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. அதற்குள் மாவட்டத்தின் எல்லாக் குழாய்களும் திறந்துகொண்டன.

முகமை அதிகாரி தணிகாசலம், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தெருத் தண்ணீரில் நடந்து வந்தார்.

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சு, அதைப் பேசவும் செஞ்சா அது பூட்டு இல்லீங்க. ஒருத்தர் மறக்கணும். வலிக்காது. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள ஏரி காஞ்சிடும்."

"என்னோடதை எடுங்க" என்றேன்.

"அதெப்படி? அது உங்கம்மால்ல" என்றார் சுகுணா. "என்னோடதை எடுத்துக்கோங்க சார். நான் சும்மா ஜன்னல்ல நின்னவதானே."

தணிகாசலம் அவர் நெற்றியில் கை வைத்தார். ஜன்னலோடு அந்த மதியமும் அவர் ஞாபகத்திலிருந்து போயிற்று, மதியத்தோடு நானும் போனேன். குழாய்கள் நின்றன.

"இங்க தண்ணி எப்பங்க வரும்?" என்று சுகுணா என்னைக் கேட்டார்.

"காலையில" என்றேன். அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

தணிகாசலம் மட்டும் கிளம்பாமல் நின்றார். "அவங்களும் நீங்களும் இன்னிக்குப் பேசினது, இப்ப உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமாம்."

"மின்வாரியத்துக்கு ஆள் தேடிட்டிருக்கோம்."

மறுநாள் பொழுது சாய்ந்ததும், சுகுணா தலைப்பை இழுத்து மூடி நடித்ததை நினைத்துக்கொண்டேன். மாவட்டமெங்கும் விளக்குகள் எரிந்தன. எதிர்வீட்டில் சுகுணா விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.