காலடி மண்

அன்று கரையோர மீன்வாடிக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள்: படகுக்காரன் ஸெய்னுதீன், அவன் மனைவி ஸல்ஹா, படகோட்டி தம்பிராசா, அங்கே கருவாடு போட்டுப் பிழைக்கிற கைம்பெண் உம்மு குல்சும். சாக்கின்மேல் கிடந்த படகு மெஷினையும் சேர்த்துக்கொள்ளலாம். அது மறுபடியும் நடுக்கடலில் நின்றுபோயிருந்தது.

கிண்ணியாவின் அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. படகு கரை தட்டியதும் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி மீன். கண்ணூற்று மீன் என்பார்கள். யாருக்கும் தர்மசிந்தை பொங்கி வழியவில்லை. வயிறெரிந்து பார்க்கிற கண் படகைக் கவிழ்த்துவிடும் என்ற பயம்தான் அள்ளிக் கொடுத்தது. அந்தப் பயத்தில் பல வீட்டு அடுப்பு எரிந்தது, உம்மு குல்சுமின் அடுப்பும்.

கொழும்பிலிருந்து ஐஸ் லொறி வரத் தொடங்கியதும் மிஞ்சுகிற மீன் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஸெய்னுதீன் பிடி மீனை நிறுத்தினான். படகில் ஒரு தாயத்தைக் கட்டினான். தாயத்து மலிவு.

"ராத்தா, கோவிக்காதீங்க. உங்கட காலடி மண் கொஞ்சம் வேணும்," என்றாள் ஸல்ஹா, உம்மு குல்சுமிடம். கையில் உப்பும் மிளகாயும். பொறாமைப்பட்டவளே மனமொப்பித் தருகிற மண்ணோடு சேர்த்து எரித்தால்தான் கண்ணூறு கழியும்.

"மெஷினில பிடிச்சது கண்ணூறு இல்ல முதலாளி, உப்புத்தண்ணி," என்றான் தம்பிராசா.

"நீ சும்மா இரு. ராத்தா, மண்ணைத் தந்தா நாளைக்கும் இங்க கருவாடு போடலாம். இல்லாட்டி வேற கரை பாருங்க," என்றான் ஸெய்னுதீன்.

அல்லாஹ் அறிய எனக்குப் பொறாமை இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உம்மு குல்சுமின் வாயிலும் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஓம் தம்பி, பொறாமைதான். பொல்லாத பொறாமை."

"சொல்ல வெக்கமில்லையா?"

"என்னத்துக்கு? நீங்க பயந்த வரைக்கும் நாங்க சாப்பிட்டம். இந்தக் கண்ணூறையும் எரிச்சுப்போட்டா உங்களுக்கு ஆருல பயம்? பிடி மீனைத் தாங்க. மண்ணை நானே அள்ளித் தாறன்."

"பிச்சைய உரிமை மாதிரிக் கேக்கிறீங்க."

"பிச்சை எண்டா நிப்பாட்டிப்போட்டு நிம்மதியா இரிக்கலாமே. ஏன் என்ட கால் மண்ணுக்கு நிக்கிறீங்க?"

தம்பிராசா சிரிப்பை இருமலாக்கினான்.

"மீன் தர ஏலாது. வெளிய போங்க!"

உம்மு குல்சும் தன் மீன் வெட்டும் கத்தியைக் கூடையில் போட்டாள். குனிந்து, தான் நின்ற இடத்து மண்ணை முழுதாக வழித்து முந்தானையில் முடிந்தாள்.

"ராத்தா, ஒரு பிடியாவது..." ஸல்ஹாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு பிடியும் இல்ல. உங்கட புரிசனிட்டப் படிச்சதுதான்."

வெளியே வெறுங்கூடைகளோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்களையும் ஸெய்னுதீன் ஒருதரம் பார்த்தான். அவள் மணலில் இறங்கியதும், பட்டப்பகலில், வாடிக் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டினான்.