பதினான்காம் விதியும் இரண்டு கோழிகளும்

மலேசியாவில் செமோர் என்ற ஊரைச் சேர்ந்த ஜெயபாலனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பக்கத்து நகரமான ஈப்போவில் ஒரு பேரங்காடியின் காவலர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். அவர் மீசையைப் பார்த்தாலே காரை ஒழுங்காகக் கோட்டுக்குள் நிறுத்திவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக் கோழியாகிவிடுவார்.

விளையாட்டின் பெயர் கோழிப் படை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, கவசம் மாட்டிய கோழிகளாக ஓடி ஓடி நரிகளைச் சுட வேண்டும். ஜெயபாலனின் ஜோடி, சுங்காய் என்ற ஊரில் இருக்கும் ஒரு வெள்ளைச் சேவல். அந்தச் சேவல் வேறு யாருமல்ல, அவருடைய கூடப் பிறந்த தம்பி பிச்சைமுத்து.

இருவரும் பேசிப் பதினோரு வருடமாகிறது. அப்பா இறந்தபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவர் ஜெயபாலன். மகன்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று வரிசையாக எழுதியவர், தம்பி பெண்டாட்டி பெயரை விட்டுவிட்டார். அவசரத்தில் மறந்துபோனது, அவ்வளவுதான். ஆனால் மறந்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எல்லார் பெயரையும் போட அது என்ன கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டு வைத்தார். கருமாதி முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். சூடத்தைக் கொளுத்தி, இவனை எனக்குத் தெரியாது, இவனோடு எனக்குப் பேச்சு இல்லை என்று சத்தியம் செய்து, ஆளுக்கொரு முறை அடித்து அணைத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் விளையாட்டு தானாகக் குலுக்கிப் போட்டு இந்த ஜோடியைச் சேர்த்தது. சேவலின் படத்தில் இருந்தது தம்பியின் மோட்டார் சைக்கிள். அதன் எண் ஜெயபாலனுக்கு மனப்பாடம். ஜெயபாலனின் படத்தில் இருந்த மீசை தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்? ஓடிவிட்டிருக்கலாம். அவரும் ஓடவில்லை, சேவலும் ஓடவில்லை. அந்த விளையாட்டில் பேச வழியில்லை, ஆறே ஆறு பொத்தான்கள்தான். 'காப்பாற்று', 'பின்னால் பார்', 'நன்றி' என்று இப்படி. கோழி பேசினால் அது சத்தியத்தில் சேராது என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், கோழியாகவாவது தம்பியோடு இருக்கிறோம் என்பது ஜெயபாலனுக்குப் பெரிய ஆறுதல். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டு நிறுவனம் விதிமுறைகளை மாற்றியது. நாற்பத்தொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்மதிக்க வேண்டுமாம். இரண்டாம் பக்கத்திலேயே ஜெயபாலனுக்குத் தலை சுற்றியது. அச்செடுத்துக்கொண்டு, பேரங்காடிக்கு எதிரே அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் விமலாதேவியிடம் போனார். அந்த அம்மாள் யாழ்ப்பாணத்து வம்சம். நிலப் பத்திரம் படிப்பதைப் போலவே கோழிப் பத்திரத்தையும் வரி விடாமல் படித்தார்.

முதலில், கோழி ஜெயபாலனுடையது அல்ல; கோழியாக இருக்க அவருக்கு அனுமதி மட்டுமே உண்டு. அவர் காலமானால் கோழி வாரிசுகளுக்குப் போகாது. இதையெல்லாம் ஜெயபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பதினான்காம் விதியில்தான் இடி விழுந்தது. போலிக் கணக்குகள் பெருகிவிட்டதால், ஜோடியில் இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் தெரியும் என்று உறுதி சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம், நண்பர், வேலை இடம், அக்கம்பக்கம், வேறு என்ற ஐந்தில் ஒன்று. இருவரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் இரண்டு கோழிகளும் பூட்டப்படும். ஒரே ஒரு வாய்ப்புதான்.

"இதில என்ன சிக்கல்? சொந்தச் சகோதரம்தானே. குடும்பம் எண்டு போடுங்கோ," என்றார் விமலாதேவி.

"அவன யாருன்னே எனக்குத் தெரியாதுங்க மேடம்," என்ற ஜெயபாலன், சூடத்தின் கதையையும் சொன்னார். விமலாதேவி கண்ணாடியைக் கழற்றி, ஒப்பந்தச் சட்டத்தில் சூடத்துக்குப் பிரிவு இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

சூடத்துக்கு அதிகாரி மாரியம்மன் கோயில் பூசாரி சன்னாசிதான். அவர் தனியாகத் தீர்ப்புச் சொல்லத் தயங்கியதால் விஷயம் கோயில் நிர்வாகக் கூட்டத்துக்கு வந்தது. கூரை ஒழுகுவதற்கு அடுத்து, ஒலிபெருக்கிக்கு முந்தி, மூன்றாவது அம்சமாக வைத்தார்கள். செயலாளர் பதினான்காம் விதியை உரக்க வாசித்தார். ஒரு மணி நேரம் விவாதம். சத்தியம் செய்தது வாய், பொத்தானை அழுத்தப்போவது விரல், விரலை அம்மன் கோபிக்க மாட்டாள் என்று சன்னாசி முன்மொழிந்தார். பொருளாளர் ஐயாவு வழிமொழிந்தார்.

சரி, எதை அழுத்துவது? தம்பி எதை அழுத்துவான்? போன் போட்டுக் கேட்டால் என்ன என்றார் ஒருவர். அது பேச்சில் சேரும் என்று அவரை உட்கார வைத்தார்கள். கடைசியில் வாக்கெடுப்பு. செமோரும் சுங்காயும் ஒரே பேராக் மாநிலத்தில்தானே இருக்கின்றன என்ற ஐயாவுவின் வாதத்தால், 'அக்கம்பக்கம்' ஐந்து வாக்கில் வென்றது. 'குடும்பம்' என்று யாரும் கை தூக்கவில்லை. ஜெயபாலன் மனம் புண்படுமே என்ற மரியாதைதான்.

சனிக்கிழமை மாலை ஆட்டத்தில் ஜெயபாலன் தம்பிக்குக் குறிப்புக் காட்டப் பார்த்தார். எனக்குப் பின்னால் பிறந்தவன் நீ என்ற பொருளில் 'பின்னால் பார்' பொத்தானைப் பதினேழு தடவை அழுத்தினார். சேவல் பாவம், பதினேழு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னால் வந்த நரி அதைக் கவ்விக்கொண்டு போயிற்று.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நிர்வாகத் தீர்மானத்தை மனதில் நிறுத்திக்கொண்டு கைப்பேசியோடு உட்கார்ந்தார். 'அக்கம்பக்கம்' என்ற சொல்லின் மேல் விரல் நின்றது. நின்றதே தவிர அழுத்த மாட்டேன் என்றது. தம்பியைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு 'குடும்பம்' என்று அழுத்திவிட்டார்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. உங்கள் பதில்கள் பொருந்தவில்லை. கோழி சாம்பல் நிறமாகிக் கவிழ்ந்தது. எதிராளி என்ன சொன்னான் என்பதைத் தெரிவிக்க விதிகளில் இடமில்லையாம்.

அதைத் தெரிவிக்கவும் வேண்டுமா? அவன் தன்னைக் குடும்பம் இல்லை என்று சொல்லிவிட்டான். சூடத்தின் முன்னால் சொன்னபோது வலிக்காதது இப்போது வலித்தது. ஜெயபாலன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கோழிக்காக அழுவதுபோல அழுதார்.

கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தார்.

"அண்ணே, நீ என்ன போட்ட?"

குரலைக் கேட்டதும் சத்தியம் போன இடம் தெரியவில்லை. "நீ என்னடா போட்ட?" என்றார் ஜெயபாலன்.

"வேறன்னு போட்டேன்லா."

"ஏன்டா?"

"குடும்பம்னு போடத்தான் விரல் போச்சு. நான் அப்படிப் போட்டு, நீ இல்லன்னு போட்டுட்டா? அதுக்கப்புறம் எனக்கு யாருண்ணே இருக்கா? பயந்துட்டேன்."

ஜெயபாலன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பத்து மணிக்கே குடும்பம்னு போட்டுட்டேன்டா," என்றார்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. தூரத்தில் ஒரு பெண் குரல், போனில் யாரு, எதுக்கு அழுவுறீங்க என்று கேட்டது.

"எங்கண்ணன்," என்றான் பிச்சைமுத்து.