மாப்பிள்ளை அறைக்குத் தணல்

விடுமுறை என்றால் அந்த நகரம் மனப்பூர்வமாக விடுமுறை எடுத்துக்கொள்ளும். கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. பேருந்துகள் பேருக்கு ஓடின. வீட்டுக்காரரும் பெட்டியோடு கிளம்பிவிட்டார். உள்ளறை ஹீட்டர் கெட்டுப்போன விஷயத்தைப் போகிற போக்கில் நின்று கேட்டு, அக்கறையாகத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் மாடியில் குடியிருந்த நாலு பேருக்குப் போக இடமில்லை. சொந்த ஊர் விமானத்தில் போனாலும் ஒரு பகலையும் ஒரு இரவையும் தின்கிற தூரம். சரி, சமைத்தாவது சாப்பிடுவோம் என்று முடிவாயிற்று.

நாலு பேர் என்பது வாடகைக்கு. சமையலுக்கு மூன்று பேர்தான். கட்டட வேலை செய்கிற வெல்டர் ஒருவன். உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டே வருகிறவன் போகிறவனோடெல்லாம் வாதாடுவதால் வக்கீல் என்று பேர் வாங்கியவன் ஒருவன். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற மச்சான் ஒருவன். நாலாவது ஆள் மாப்பிள்ளை. மாப்பிள்ளை சமைக்கக் கூடாது.

ஒரு காலத்தில் மாப்பிள்ளையும் மனிதனாகத்தான் இருந்தான். மச்சானும் அவனும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, முதல் குளிர்காலத்தை ஒரே போர்வையில் கழித்து, ஒருவனை ஒருவன் 'டேய்' என்பதைத் தவிர வேறு பேரில் கூப்பிட்டதில்லை. பிறகு மச்சானின் தங்கைக்கும் அவனுக்கும் ஃபோனிலேயே பேசி முடித்தார்கள். அன்று ராத்திரி 'அவன்' ஆகப் படுத்தவர் காலையில் 'அவர்' ஆக எழுந்தார். இனிமேல் வாடா போடா கூடாது, வேலை ஏவக் கூடாது, தூக்கத்தில் எழுப்பக் கூடாது, அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருவது உன் பொறுப்பு என்று மச்சானுக்கு அம்மா உத்தரவு போட்டாள். வீட்டில் கதவுள்ள ஒரே அறை மாப்பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டது. அவர் ஒரு வாரம் கூச்சப்பட்டார். அப்புறம் காபியில் சர்க்கரை கம்மி என்றார்.

அன்று அவர் கிடங்கில் ராத்திரி வேலை முடித்து வந்து, சாப்பாடு ஆனதும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கெட்டுப்போன ஹீட்டர் அந்த அறையில்தான் இருந்தது.

பால்கனியில் கோழி வெந்துகொண்டிருந்தது. வெல்டர் ஒரு பழைய டிரம்மைப் பாதியாக வெட்டிக் கால் வைத்து உருவாக்கிய அடுப்பு அது. அடுப்புக்கரி கனிந்து செக்கச்செவேலென்று கிடந்தது. மச்சான் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தான். உள்ளே தங்கச்சி புருஷனாகப் போகிறவர் விறைத்துக் கிடக்க, வெளியே நாம் சுகமாக நிற்கிறோமே என்று அவனுக்கு உறுத்தியது. ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டு ஒன்றை எடுத்துத் தணலை அள்ளிப் போட்டான்.

வக்கீல் உடனே ஆட்சேபித்தான். போர்வை பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். அதில் நியாயம் இருந்தபடியால் தட்டைச் செங்கல்மேல் வைத்து, படுக்கையை விட்டுத் தள்ளி நிறுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தார்கள். புகை அண்டுமே என்று அடுத்த ஆட்சேபம் வந்தது.

"தணல்ல ஏதுடா புகை? புகை இருந்தாத்தானே பயம்" என்றான் வெல்டர்.

ஜன்னல் இடுக்குகளைக் குளிருக்காக முன்பே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வெங்காயம் வதக்குகிற நெடி மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மச்சான் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்தான். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து ஒன்றைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் தணல் போதுமா என்று பார்க்கப் போனான். அறை கதகதப்பாக இருந்தது. மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே, "தலை வலிக்குது மச்சான்" என்றார்.

"ராத்திரி முழிச்சது மாப்பிள்ளை. நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்."

சாம்பல் பூத்திருந்த தணலைக் கிளறிவிட்டு, புதிதாக இரண்டு கரண்டி போட்டு, துண்டைத் திரும்பவும் நன்றாக அடைத்துவிட்டு வந்தான். அடுத்த முறை வெல்டரும் கூடவே எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளையின் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கல்யாணக் களை இப்போதே இறங்கிவிட்டது, பந்தல்காரனுக்குச் சொல்லிவிடலாம் என்றான் வெல்டர். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது மச்சானுக்குத் தரை லேசாக ஆடியது. காலையிலிருந்து வெறும் வயிறு, அதோடு வெங்காயம் வேறு என்று நினைத்துக்கொண்டான்.

சோறு வடித்தாயிற்று. கோழி, குழம்பு, அப்பளம் எல்லாம் தரையில் விரித்த பேப்பர்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. மூன்று பேரும் சுற்றி அமர்ந்து அவற்றைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சாப்பிடாமல் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. மாப்பிள்ளையை எழுப்பவும் கூடாது. இரண்டு சட்டமும் ஒரே வீட்டில் அமலில் இருந்ததால் கோழி ஆறிக்கொண்டிருந்தது.

கூப்பிடச் சொன்னது அவரேதான், ஆகவே எழுப்பினால் குற்றமில்லை என்று வக்கீல் வாதாடிப் பார்த்தான். மச்சான் கேட்கவில்லை. உடம்பு அசந்து தூங்குகிறார், தானாக எழுந்து வரட்டும், வேண்டுமானால் குழம்பைச் சுடவைத்துக்கொள்வோம் என்றான். சுடவைத்தார்கள். ஆறியது. மறுபடியும் சுடவைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளறையிலிருந்து வந்த குறட்டை இப்போது இழுத்து இழுத்து, நடுவில் நின்று நின்று வந்தது. ஆழ்ந்த தூக்கம் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்போதுதான் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னண்ணா, சோத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு மூணு பேரும் துக்க வீட்டுல மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"மாப்பிள்ளை தூங்குறாரும்மா."

"இவ்ளோ நேரமாவா? எழுப்பு."

"சும்மா இரு. ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்தவரு."

"அப்ப எழுப்ப வேணாம். மூஞ்சிய மட்டும் காட்டு. நான் பாத்துட்டு வெச்சிடறேன்."

இது சட்டத்துக்கு உட்பட்ட கோரிக்கையாகப் பட்டது. மச்சான் பூனை நடை நடந்து போய்க் கதவைத் திறந்து, ஃபோன் வெளிச்சத்தை மாப்பிள்ளை முகத்தின்மேல் பிடித்தான். தங்கை முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்ணா, தலகாணியில என்ன அது?"

வாந்தி. கன்னத்திலும் காதோரமும் வழிந்து காய்ந்திருந்தது. அதிலேயே முகத்தை வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கூப்பிடுண்ணா அவர."

"மாப்பிள்ளை" என்றான். "மாப்பிள்ளை, சாப்பிட வர்றீங்களா?" என்று தோளைத் தொட்டான். கொஞ்சம் பலமாக உலுக்கினான். மாப்பிள்ளையின் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது, யாரோ கழற்றிப் போட்ட சட்டைக்கை மாதிரி.

"டேய்" என்றான் மச்சான். "டேய், எழுந்திருடா. டேய், என்னடா ஆச்சு உனக்கு."

அறைந்தான். இன்னொரு தடவை அறைந்தான். தட்டில் தணல் புகையில்லாமல், சத்தமில்லாமல், சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு முழங்கால் இரண்டும் மடங்கின. காரணம் பயமா, அடைத்த அறைக்குள் தணல் விஷமாக்கிய காற்றா என்று யோசிக்கக்கூட அவனால் முடியவில்லை. ஃபோன் கீழே விழுந்து கூரையைப் பார்த்துக்கொண்டு அண்ணா, அண்ணா என்றது.

வெல்டர் ஓடி வந்து நாற்காலியால் ஜன்னலை உடைத்தான். வக்கீல் வாதம் எதுவும் பேசாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். மாப்பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போகையில் சோறும் குழம்பும் கால்களில் மிதிபட்டன. மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஜன்னலை அகலத் திறந்து, அதன் கீழே கிடத்தினார்கள். குளிர் அருவி மாதிரி கொட்டியது. மச்சான் அவன் நெஞ்சில் காதை வைத்தான். எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி கேட்டது. தட்டிவிட்டு, யோசித்து, மறுபடியும் தட்டியது.

அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகுதான் மாப்பிள்ளை இருமினான். இன்னொரு தடவை வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்தான்.

வெல்டர் சுவரோடு சாய்ந்து குழந்தைபோல் அழுதான். வக்கீல் ஃபோனை எடுத்துவந்து மச்சானிடம் நீட்டினான். தங்கையின் முகம் வீங்கியிருந்தது. ஒன்றுமில்லை, இதோ பார், கண் முழித்துவிட்டான் என்று மச்சான் திரையை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பினான்.

மாப்பிள்ளை திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு, கல்யாண வீட்டில் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி மரியாதையாகச் சிரித்தான்.

"யாருங்க இவங்க?"

மாப்பிள்ளையின் பார்வை மெல்ல நகர்ந்து மச்சான்மேல் வந்து நின்றது. அதே சிரிப்பு.

"நீங்க யாருங்க?"

"என்னண்ணா சொல்றாரு? சரியா காதுல விழல" என்றாள் தங்கை.

மச்சான் திரையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"தூக்கக் கலக்கம்மா" என்றான். "இன்னும் சாப்பிடல, அதான்."

படிகளில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. நெஞ்சிலிருந்து தங்கையின் குரல், அவர் பக்கம் திருப்புண்ணா, அவர் பக்கம் திருப்பு என்று விடாமல் கேட்டது. அவன் திருப்பவில்லை.