பாதித் தலையோடு போன பிளம்பர்

அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சலூனில் ஓசிப் பேப்பர் படிக்க உட்காருவேன். கண் பேப்பரில் இருக்கும். காதை மூடி வைக்க வழியில்லையே.

சலூன்காரரும் அவர் மனைவியின் தம்பியான பிளம்பரும் பேசி இரண்டு வருஷமாகிறது. மச்சினன் மாட்டிக்கொடுத்த குழாய் ஒழுகியது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதர் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஆனாலும் பிளம்பர் முடிவெட்ட இங்கேதான் வருவான், தான் ஆள் மாற்றுகிற ஜாதி இல்லை என்று காட்டுவதற்காகவே. அவசியமான பேச்செல்லாம் என் வழியாகப் போய்வரும்.

போன மாதம் புற்றுநோய் விழிப்புணர்வுச் சங்கத்து நர்ஸம்மா ஒருத்தர் முடிவெட்டுகிறவர்களையெல்லாம் கூட்டி வகுப்பெடுத்தார். பிடரி, காதின் பின்புறம், உச்சந்தலை எல்லாம் எவரும் தானே பார்த்துக்கொள்ள முடியாத இடங்கள். மாதாமாதம் பார்ப்பது நீங்கள்தான். மச்சம் வளர்ந்தாலோ, ஓரம் பிசிறினாலோ, நிறம் மாறினாலோ பச்சைச் சீட்டைக் கொடுத்து முகாமுக்கு அனுப்புங்கள் என்றார். அன்றிலிருந்து நம் சலூன்காரர் பாதி டாக்டர். என் பிடரியை மூன்று தரம் ஆராய்ந்து, ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்துபோனார்.

சனிக்கிழமை தெருமுனை மண்டபத்தில் முகாம். அன்றைக்குத்தான் பிளம்பர் வந்தான். இடப்பக்கம் வெட்டி முடித்து வலக்காதை மடக்கிய சலூன்காரரின் கை அப்படியே நின்றது.

"அண்ணே, இந்தச் சீட்டை நாற்காலியில இருக்கறவர்கிட்ட குடுங்க. காதுக்குப் பின்னால மச்சம் பெருத்திருக்குன்னு சொல்லுங்க. போன தடவை மிளகு அளவுதான் இருந்துது."

"அது பொறந்ததுலேருந்து இருக்குதுன்னு சொல்லுங்கண்ணே."

"அவருக்குப் பின்னாலயும் கண்ணு இருக்கான்னு கேளுங்க."

"குழாய்க்கு வேற ஆள் பாத்தவரு, இப்ப வைத்தியமும் பாக்கறாரான்னு கேளுங்க."

சலூன்காரர் கத்தரியை வைத்தார். போர்த்தியிருந்த துணியை உருவி உதறினார். "மீதி, டாக்டர் பாத்த பிறகுதான்."

பிளம்பர் வீறாப்பாக எழுந்து எதிர்த்த சலூனுக்குப் போனான். நானும் காற்று வாங்கப் பின்னாலேயே போனேன். எதிர்க்கடைக்காரருக்கும் நம்மவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் வலக்காதை மடக்கினார், உற்றுப் பார்த்தார், மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதே பச்சைச் சீட்டு.

"முதல்ல இதைக் காட்டிட்டு வா தம்பி."

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒத்துப்போனதைப் பார்த்துத்தான் அவனுக்கு முகம் வெளுத்தது. மண்டபத்துக்குப் போனால், வாசலில் நம் சலூன்காரர் சீப்பும் கையுமாக நிற்கிறார். கடையை யார் பூட்டினார்களோ.

முகாம் டாக்டர் பார்த்துச் சொன்னபடி, திங்களன்று ஆஸ்பத்திரியில் மச்சத்தை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தையல் பிரிக்கும் வரை அந்தப் பக்கம் கத்தரி படக்கூடாதாம். இரண்டு வாரம் பாதித் தலையோடு குழாய் மாட்டப் போனான். ஏனென்று கேட்காத வீடு இல்லை. அடுத்த முகாமில் பதினெட்டுப் பேர். "எங்க நோட்டீஸைவிட இவர் தலை நல்லா வேலை செய்யுது" என்றார் நர்ஸம்மா.

சலூன்காரருக்கு அந்த இரண்டு வாரமும் கை ஓடவில்லை. எனக்கே ஒரு தரம் மீசையில் ஒரு பக்கத்தைக் குறைத்துவிட்டார், நான் பெரிதுபடுத்தவில்லை.

முடிவு வந்த அன்று பிளம்பர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா."

சலூன்காரர் போர்த்தும் துணியை எடுத்து உதறினார்.

"கெட்ட மச்சம்தானாம் மாமா. ஆனா ஆரம்பத்துலயே முழுசா எடுத்தாச்சாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும், அவ்வளவுதான்."

பழக்கதோஷம், சலூன்காரர் என்னைப் பார்த்து, "மீதியை வெட்டவான்னு கேளுங்கண்ணே" என்றார்.

"நீங்களே கேளுங்க. நான் பேப்பர் படிக்கணும்."

வலப்பக்கத்தில் கத்தரி ஓடியது. பிறகு பிளம்பர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்:

"அந்தக் குழாய்?"

"ஒழுகுது மாப்ள. அவன் மாட்டுனதும் ஒழுகத்தான் செய்யுது."

பிளம்பர் சிரித்தான். டாக்டர் நல்ல சேதி சொன்னபோதுகூட இப்படிச் சிரித்திருக்க மாட்டான்.