பவுதிலியோ தேர்ந்தெடுத்த கார்

கோத்தோ குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் பவுதிலியோ கோத்தோ, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நெஸ்தோரின் ரிமோட் கார் கடைக்குள் நுழைந்தபோது, மூன்று வருடம் அடுத்தடுத்துத் தோற்ற மனிதர் என்று அவர் நடையைப் பார்த்து ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

சாலினாஸ் ஊரில் டிசம்பர் கடைசி ஞாயிறன்று, விமானம் இறங்குவதை எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ஓடுதளத்தில் பெட்டிப் பந்தயம் நடக்கும். கடையில் வாங்கிய காரைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவர வேண்டும். எல்லார் கண் முன்னாலும் பிரித்து, பேட்டரியை மாட்டி, அப்படியே ஓட்ட வேண்டும். திருப்புளியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கைவேலைக்கு இடமே இல்லாததால், எந்தக் காரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில்தான் ஒரு வீட்டின் மானம் இருக்கிறது.

பவுதிலியோவின் மகன் யாமில், அலிசேயா குடும்பத்துப் பெண்ணைக் கட்டிய வருடம், இரண்டு சம்பந்திகளும் ஒரு பேச்சு பேசி வைத்தார்கள். எந்த வீட்டுக் கார் முந்துகிறதோ, அந்த வீட்டில்தான், கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி ஆறில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் விருந்து. அன்று முதல் ஒவ்வொரு வருடமும் சம்பந்தியம்மா ஒந்தினாவின் கார்தான் முந்தியது. பவுதிலியோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, சுட்ட பன்றிக்கறியைப் பாராட்டிவிட்டுத் திரும்புவார்.

இந்த வருடம் அப்படித் திரும்ப அவருக்கு மனமில்லை. பேத்தி பிறந்து ஏழு மாதம். திருநாளுக்கு முந்தைய இரவு, ராஜாக்களின் ஒட்டகங்களுக்காக ஒரு பெட்டியில் புல் நிரப்பிக் குழந்தையின் கட்டிலுக்கடியில் வைப்பார்கள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. அது தன் வீட்டில் நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மனைவி இறந்த இந்த நான்கு வருடத்தில் அந்த வீட்டில் மேசை விரிப்பு விரித்ததில்லை. இதை அவர் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

நெஸ்தோர் இரண்டு பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒன்றில் தரையை நக்குவதுபோல் தாழ்ந்த, சிவப்பான கார். மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. மற்றது உயரச் சக்கரம் வைத்த குட்டை வண்டி, எண்பதுதான். பவுதிலியோவின் கை தானாகச் சிவப்புப் பெட்டிக்குப் போனது. மூன்று வருடமும் அப்படித்தான் போனது.

"அந்த நூத்தி அறுபது கார்ல இல்லீங்கய்யா. பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பையில பெரிய பல்சக்கரம் தனியா கிடக்கு பாருங்க, அதுல இருக்கு," என்றான் நெஸ்தோர். அதை மாட்டத் திருப்புளி வேண்டும்.

இதைப் பவுதிலியோ முன்பே அறிந்துகொண்டிருந்தார், மூன்று தோல்விகள் கொடுத்து. போன வாரம் தனியாகப் போய் ஓடுதளத்தை நடந்தும் பார்த்திருந்தார். இருபது அடிக்கு ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் புல். அந்தச் சிவப்பு மூக்கு இரண்டாவது வெடிப்பைத் தாண்டாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு குட்டை வண்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கடையில் அந்த ரகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஒந்தினா உள்ளே வந்தார். அவர் தேடி வந்ததும் அதே வண்டிதான்.

"என்ன சம்பந்தி, லாரி வாங்குறீங்க? சட்டைக்குப் பொருந்தலையே."

பவுதிலியோ பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஒந்தினா அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. தனக்கு இந்த முறை சிவப்பே போதும் என்று சொல்லி அதை எடுக்கப் போனார்.

சம்பந்தியம்மா வெற்றியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார் என்பது பவுதிலியோவுக்குப் புரிந்தது. முதுகு இன்னும் நிமிர்ந்தது. குட்டை வண்டியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"விட்டுக்கொடுத்தத வாங்கிப் பழக்கமில்ல."

"எடுத்தவங்க கையிலேர்ந்து பிடுங்கி எனக்கும் பழக்கமில்ல," என்று ஒந்தினா திருப்பித் தள்ளினார்.

பெட்டி மூன்று முறை போய் வந்தது. நெஸ்தோர் காப்பிக் கோப்பைகளை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டான்.

நான்காவது முறை பெட்டி தன்னிடம் வந்தபோது பவுதிலியோ அதைத் தள்ளவில்லை. எடுத்தால் தானமாக வந்த வெற்றி. எடுக்காவிட்டால் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் புல் இல்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"சம்பந்தியம்மா, பாப்பாவோட முதல் திருநாள் என் வீட்டுல நடக்கட்டும். பந்தயத்துல யார் முந்தினாலும் சரி. உங்ககிட்ட கேக்குறேன்."

ஒந்தினா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா பன்னியத் திருப்பித் திருப்பி என் இடுப்பு போச்சு. முதல் வருஷமே இந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"எங்க வீட்டுல கேட்டுப் பழக்கமில்ல."

"அதான் தோத்தே பழகிட்டீங்க," என்றவர் குட்டை வண்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப இது எனக்கு. விருந்துதான் குடுத்தேன், பந்தயத்தக் குடுக்கல."

பவுதிலியோவுக்கு அந்தச் சொல் இனித்தது. சிவப்புக் காரை இரண்டு கையாலும் எடுத்தார். இரண்டாவது வெடிப்பிலேயே பறந்துவிடும் என்று நெஸ்தோர் எச்சரித்தான். பறந்தாலும் கோத்தோ வீட்டுக் கார் லட்சணமாகப் பறக்கும் என்று சொல்லிவிட்டார்.

வாசல்வரை போன ஒந்தினா நின்றார். பன்றியைப் பவுதிலியோ சுடலாம், துவரைச் சோறு தான்தான் சமைப்பேன், அதற்கு முன் அடுப்பங்கரையைப் பார்க்க வியாழக்கிழமை வருவேன் என்றார். மனைவிக்குப் பிறகு அந்த அடுப்பங்கரையில் பவுதிலியோ யாரையும் கால் வைக்க விட்டதில்லை.

"எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.