இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டில் இருப்பது

அந்தக் கல்லூரியில் கணினிக்கான அசெம்பிளி மொழி நிரலை எழுதி மேசையில் வைத்தால், வரிகள் ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து இறங்கி வேலைக்குப் போகும். கொண்டுவந்ததை 'அக்யுமுலேட்டர்' என்று பெயின்டில் எழுதிய நாற்காலியில் உட்கார வைக்கும். எண்ணுக்கு முன்னால் # என்ற ஹேஷ் குறி இருந்தால் அந்த எண்ணே உட்காரும். இல்லாவிட்டால், பின்பக்க மெமரித் தெருவில் அந்த நம்பர் வீட்டில் என்ன இருக்கிறதோ அது வரும்.

மாரிக்கனிக்கு இது மனப்பாடம். ஆனால் அன்று நடந்தது கடைசிச் செய்முறைத் தேர்வு. இது ஒன்று பாஸானால் பட்டம்; அவள் வீட்டில் முதல் பட்டம். போனால் அரியர்.

'உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்து வரவும். அதனுடன் ஒன்றைக் கூட்டவும். திரும்ப அங்கேயே வைக்கவும்.' இதுதான் கேள்வி. அந்தத் தெருவில் அவள் வீடு இருபத்து மூன்றாம் நம்பர். மூன்று வரி எழுதி வைத்தாள்.

முதல் வரி எங்கும் போகவில்லை. தன்னிடமிருந்த இருபத்து மூன்றை எடுத்து உட்கார வைத்தது. இரண்டாவது வரி தெருவுக்குப் போய், ஒன்றாம் நம்பர் வீட்டு ஆட்டைப் பிடித்து வந்து கூட்டியது. இருபத்து மூன்றுக்குக் கொம்பு முளைத்தது. அது கேள்வித்தாளைத் தின்னத் தொடங்கியது. மூன்றாவது வரி வாசலில் தயங்கி நின்றது.

தேர்வாளர் அருள்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, கொம்போட வந்திருக்கு?"

"ஹேஷ் இடம் மாறிடுச்சு சார். வீட்டு நம்பருக்குப் போட்டுட்டேன். ஒன்னுக்குப் போடல."

"நேரமிருக்கு, திருத்து."

"அப்படியே விட்ரு கனி, தீபாவளிக்கு ஆவும்," என்றாள் பக்கத்து மேசை ஜெபா.

ஆட்டைக் கழித்து அதன் வீட்டில் விட ஒரு வரி எழுதினாள். வீட்டு நம்பரின் ஹேஷை அழித்து ஒன்றுக்கு முன்னால் போட்டாள். மறுபடி மறுபடி சரிபார்த்துவிட்டுத் தாளை வைத்தாள்.

இந்த முறை முதல் வரி தெருவுக்குப் போய், அம்மா சண்முகத்தாயைக் கையில் கரண்டியோடு அழைத்து வந்தது. அம்மா அதற்கு முன் கல்லூரிக்குள் வந்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இங்கனதான் படிக்கியாட்டீ? நல்லா காத்து வருதே."

"அசையாம இரும்மா, கூட்டணும்."

இரண்டாவது வரி தன்னிடமிருந்த ஒன்றைக் கூட்டியது. அம்மா இருவரானாள். ஒருத்திக்கு ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அருள்ராஜ் எண்ணிப் பார்த்தார். "சரியா இருக்கு. பாஸ்."

"பாஸுன்னா பட்டம் கெடைச்சிருமா சார்?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"கிடைச்சிரும்."

இரண்டு அம்மாக்களும் ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது வரி அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனது. "அடுப்புல கொழம்பு கெடக்கு, வெரசா நட," என்றாள் ஒருத்தி. "எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள் மற்றவள்.

மத்தியானம் மாரிக்கனி வீட்டுக்குப் போனபோது ஒரு அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அம்மா தலை சீவி, செருப்பு மாட்டி, கல்லூரியில் இடம் இருக்கிறதா என்று கேட்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வெயில் தாழப் போம்மா," என்றாள் மாரிக்கனி.